குருநகர்ச் சந்தையில் ஒரு திமிங்கிலம்

ஆழ்கடலின் அடியில், கல்லாய்ப்போன திமிங்கில எலும்புகளைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அந்த வீடியோவோடு இன்று காலை குருநகர்ச் சந்தைக்குப் போனேன். மீன் விற்கிற றீற்றா அக்காவைச் சீண்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

"அக்கா, உங்கடை மீனைவிடப் பழசு ஒண்டு கிடைச்சிருக்கு. லட்சக்கணக்கான வருசமாம்!"

வேறு நாள் என்றால் செதிலோடு சேர்ந்து ஏச்சும் பறந்து வந்திருக்கும். இன்று கையைக் கழுவிவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார்.

"எவ்வளவு ஆழமாம்?"

"அது கிலோமீற்றர் கணக்கிலை. மெசின் இறக்கித் தேடினவையாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

போன மாரியில் ஆழ்கடலுக்குத் தொழிலுக்குப் போன அவருடைய மகன் திரும்பவில்லை. தேடச் சொல்லி அக்கா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. "அங்கை சரியான ஆழம், தேட ஏலாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடம்பு கிடைக்காததால் இன்னும் அடக்கமும் இல்லை.

அக்கா போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

"ஏன்ரா தம்பி, உந்தத் திமிங்கிலத்தைத் தேடித் தாங்கோ எண்டு ஆர் போய் அழுதது?"

அதற்காகத்தான் இந்தப் பதிவைப் போடுகிறேன். படித்தவர்கள் யாராவது பதிலைக் கீழே எழுதுங்கள். நாளைக்கும் நான் அவரிடம்தான் மீன் வாங்கவேண்டும்.