மீனாட்சி என்று அம்மா கும்பிட்ட கல்

ஏதென்ஸில் நாங்கள் இருந்த வீட்டு முற்றத்தைக் காலையில் கழுவும்போது, முதல் வாளித் தண்ணீர் பளிங்குக்கல்லில் பட்டவுடன், மழைக்கு முந்திய மண்ணும் புதினாவும் கலந்தது போல ஒரு வாசம் எழும். என் பத்தாவது வயதுக் கோடை எனக்கு அந்த வாசம்தான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கிரேக்கக் கப்பலுக்கு வேலைக்குப் போனவர். காலை முறித்துக்கொண்டு கரையில் தங்கிவிட, அம்மாவும் நானும் தங்கையும் அவரிடம் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்காரி கறுப்பு உடுத்த கைம்பெண். "கிரீயா" என்று கூப்பிடுவோம். அங்கே அது மரியாதைச் சொல். அவர் பேசும் கிரேக்கத்தை அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பேன். அதனால் அவர் குரல் இன்றும் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது.

கோடையில் எங்கள் தெருவழியே வெளிநாட்டார் கையில் புத்தகத்தோடு, மலைமேல் இருக்கும் பழைய கோயிலை அண்ணாந்து பார்த்தபடி போவார்கள். தெருமுனையில் கிடந்த உடைந்த தூணின் முன்னால் கண்கலங்கி நின்ற ஒரு வெள்ளைக்காரரை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் கிரீயா துணி காயப்போட்டால், படத்தில் விழாமல் விலகச் சொல்வார்கள். "என்ர பூட்டன்மாரைத் தேடி வாறாங்கள். என்னைக் கண்டா, அவையின்ர வீட்டை நான்தான் உடைச்ச மாதிரிப் பாக்கிறாங்கள்" என்று சிரிப்பார். ஆனாலும் மலையைக் கடந்து போகும்போதெல்லாம், சந்தைக்கூடை எவ்வளவு கனத்தாலும், ஒருமுறை நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் நடப்பார்.

எங்கள் அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. சுவரில் ஈரம் ஊறும், தங்கைக்கு மூச்சிழுப்பு. அடுத்த மழைக்காலத்தை அவள் அந்த அறையில் தாங்கமாட்டாள் என்று வைத்தியர் சொன்னதும், முற்றத்தின் பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை கட்டித்தருவதாகக் கிரீயா சொன்னார். அப்பாவும் கிரீயாவின் தம்பியும் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். நாலாம் நாள் மண்வெட்டி கல்லில் பட்டு மணிபோல் ஒலித்தது. மண்ணை விலக்கினால், கையில் குருவி ஏந்திய ஒரு சிறுமி, வெள்ளைப் பளிங்கில்.

கிரீயாவின் தம்பி ஓடிப்போய்ப் படலையைச் சாத்தினார். பழங்கல் அகப்பட்டால் தொல்பொருள் கந்தோருக்கு, அந்த அரசாங்க அலுவலகத்துக்கு, அறிவிக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அறிவித்தால் வேலை நின்றுவிடும், சிலவேளை வருடக்கணக்காக. அடுத்த தெருவில் ஒரு வீடு அப்படித்தான் பாதிச் சுவரும் துருப்பிடித்த கம்பியுமாக நின்றது. ஆகவே, கண்டதும் சீமெந்தைக் கொட்டி மூடுவதே அங்குள்ளவர்களின் வழக்கம். "ஒருத்தருக்கும் தெரியாது, மூடிப்போட்டுக் கட்டுவம்" என்றார் அப்பா.

அவர்கள் சீமெந்து எடுத்துவரப் போன நேரத்தில், கையில் பறவையோடு நிற்கும் பெண்ணைக் கண்ட அம்மா வேறென்ன நினைப்பார்? "மீனாட்சி அம்மனெல்லோ வந்திருக்கிறா!" என்று கல்லைக் கழுவி, நெற்றியில் குங்குமம் வைத்து, வேலியில் பூத்த செவ்வரத்தம்பூவையும் சாத்திவிட்டார். அவர்கள் திறந்துபோட்டுப் போன படலை வழியே எட்டிப் பார்த்த ஒரு வெளிநாட்டார், குங்குமத்தைக் கண்டு, பழங்காலத்து வர்ணம் அழியாமல் இருக்கிறது என்று கூவினார். "ஓம், ஓம், இண்டைக்குக் காலமை பூசினது" என்று கிரீயா படலையை அவர் முகத்துக்கு நேரே சாத்தினார்.

பிறகு அம்மாவிடம் திரும்பி, அது சாமியில்லை, செத்துப்போன ஒரு பிள்ளையின் கல்லறைக் கல் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா கும்பிட்ட கையை இறக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு மேல என்ர பிள்ளையைப் படுக்கவைக்கேலாது எண்டு சொல்லு" என்றார். எனக்கு அந்த அறை வேண்டும். அம்மாவுக்குச் சம்மதம் என்று நான் மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. கீழேயிருந்து தங்கை இருமுவது கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து, சொன்னபடியே சொன்னேன்.

கிரீயா கல்லையும் குங்குமத்தையும் கொஞ்சநேரம் பார்த்தார். "அந்நிய தேசத்துக்காரி பூ வைக்கிறாள், நான் சீமெந்து ஊத்தப்போறன்" என்று சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். "உனக்கு விசரே அக்கா, வீடும் போயிடும்!" என்று, சீமெந்தோடு திரும்பி வந்த தம்பி கத்தக் கத்த, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கந்தோருக்கு நடந்தார்.

அன்று பின்னேரமே முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கிரீயா எங்கள் பாயைத் தானே சுருட்டி, மேல்மாடியில் வெயில் விழும் தன் படுக்கையறையில் கொண்டுபோய் விரித்தார். நாங்கள் நியூசிலாந்துக்கு வரும்வரை, இரண்டு வருடம், அவர் குசினியில்தான், அடுப்படித் தரையில், படுத்தார். நான் பெரிதாகப் படிக்கவில்லை. படித்தவர்கள் பழமையைப் போற்றி எழுதியதும் எனக்குத் தெரியாது. பழங்கல்லுக்கு ஒருவர் செய்யும் மரியாதை என்றால் எனக்கு அந்தக் குசினித் தரைதான்.

போன வருடம் என் மகள் ஏதென்ஸ் போயிருந்தாள். நான் இங்கே நியூசிலாந்தில், விரி என்ற பகுதியில் வேலை முடிந்து, சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், எங்கள் பழைய வீடு இருந்த இடத்தை எடுத்து அவள் அனுப்பிய படம். "அப்பா, நோ ஹவுஸ் ஹியர்" என்று எழுதியிருந்தாள். வீட்டை அரசாங்கம் எடுத்து இடித்து, முழுவதும் தோண்டியிருக்கிறது. ஒரு பழைய தெருவும் அதன் ஓரத்துக் கல்லறைகளும் அழகாகத் துப்புரவாக்கப்பட்டிருக்க, வேலியருகில் நின்று பயணிகள் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, தங்கை இருக்கும் பாபகூராவுக்குப் போய் அவளிடம் படத்தைக் காட்டினேன். அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எல்லாக் கல்லும் இருக்குது அண்ணா. கிரீயா படுத்த குசினி எங்கை?" என்று கேட்டாள். எனக்கு இடம் தெரியும். ஆனால் அங்கே வெறும் காற்றுத்தான் இருந்தது. கல்லறைகளுக்குச் சற்று மேலே, ஒன்றும் இல்லாத இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.