தவக்காலத்துக்குக் குளிசையை விட்டவர்

அவசர சிகிச்சைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் தாதியாக இருந்தேன். என்னை அதிகம் கோபப்படுத்திய நோயாளி பாலையூற்று ஊர்க்காரர் அந்தோனி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

ஒரு நாள் காலை பத்து மணிபோல அவரை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிட்டதெல்லாம் சத்தி, வயிற்றுவலி. பெயரைக் கேட்டால் ஏதோ உளறினார். குடித்திருக்கிறார் என்று நினைத்து ஏசினேன். கிட்டப் போய் வாயை மணந்துகூடப் பார்க்கவில்லை. அது என் பிழை.

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த டொக்டர் சேலைன் ஏற்றச் சொன்னார். இரண்டு போத்தல் ஏறியும் பிரஷர் எழுபதைத் தாண்டவில்லை. இரத்தத்தில் சீனியும் குறைவு. இப்படியே விட்டால் ஆள் மத்தியானத்தைக் காணமாட்டார்.

என்ன மருந்து, குளிசை போடுகிறார் என்று மனைவி றோசலினிடம் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் ஒன்றுமில்லை என்றார். ஆனால் அந்தோனியின் முகம் பூசணிக்காய் மாதிரி, கைகால் ஈர்க்கு மாதிரி. தோலெல்லாம் நீலம் பாரித்த கண்டல். வருடக்கணக்காக ஸ்டீரொய்ட் போட்ட உடம்பு இப்படித்தான் இருக்கும்.

"அம்மா, இப்ப போடுறதை விடுங்கோ. முந்திப் போட்டு நிப்பாட்டினது ஏதும் இருக்கோ?"

"ஓம் மிஸ்ஸி. மூச்சிழுப்புக்கு அஞ்சு வருசமாச் சின்ன வெள்ளைக் குளிசை போட்டவர். தவக்காலத்துக்கு எதையாவது விடச்சொல்லி ஃபாதர் சொன்னவர். இவர் அதை விட்டிட்டார்."

ஊரே இறைச்சியை விடும், சாராயத்தை விடும். இந்த மனுசன் இரண்டையும் வைத்துக்கொண்டு குளிசையை விட்டிருக்கிறார்.

ஸ்டீரொய்ட் குளிசை வருடக்கணக்காகத் தன் வேலையைச் செய்தால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீரொய்டைச் சுரக்கிற, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி படுத்துவிடும். குளிசையைத் திடீரென்று நிறுத்தினாலும் அது எழும்பாது; பிரஷரும் சீனியும் விழுந்துவிடும். டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் இரத்தம் எடுத்தார், முடிவுக்குக் காத்திருக்கவில்லை. ஹைட்ரோகோர்டிசோன் நூறு மில்லிகிராம் நரம்பில் போனது. சீனிக்கு டெக்ஸ்ட்ரோஸ், கூடவே இன்னும் சேலைன்.

பின்னேரம் பிரஷர் நூறைத் தாண்டியது. அந்தோனி கண்ணைத் திறந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் எதை விடுறது, மிஸ்ஸி?"

"சாராயத்தை."

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அந்தக் குளிசை அவ்வளவு முக்கியமோ?"

றோசலின் கையிலிருந்த விசிறியால் அவர் காலில் ஒன்று போட்டார். நான் தடுக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களே, சத்தி, விழுந்த பிரஷர், குறைந்த சீனி, சேலைனுக்கு ஏறாத பிரஷர் என்று ஒருவர் வந்தால், என்ன போடுகிறார் என்பதோடு நிற்காதீர்கள். எதை நிறுத்தினார் என்றும் கேளுங்கள். ஊசி போட்ட பிறகு ஏசலாம். அந்தோனியை நான் வீட்டுக்கு அனுப்பும்வரை ஏசினேன்.