குளிர் ஜக்கெற்றைக் கழற்றி எடுத்த படம்

நாங்கள் இருந்த இக்காஸ்ட் நகரிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டத்தில், டென்மார்க்கைப் போலவே இல்லாத ஓர் இடம் இருக்கிறது. முன்னொரு காலத்தில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைத் தோண்டியவர்கள், வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மணல் மலைகள், செங்குத்தாக இறங்கும் பள்ளங்கள், அடியில் துரு நிறத்தில் குளங்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், சவூதியில் தெரு போட்டு, இரண்டு மூன்று நாடுகளில் அகப்பட்டு, ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்தவன். முதல் தடவை அந்த இடத்தைப் பார்த்தபோது திரும்பவும் சவூதிக்கே அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

ஐப்பசி, கார்த்திகை ஞாயிறுகளில் அங்கே போவோம். அதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயர். குடும்பம் என்று பார்த்தால் ஒன்றுதான்: தையல் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் அக்கா, அவருடைய புருசன், டெனிஷில் மட்டும் சண்டை பிடிக்கும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். மிச்சம் நாங்கள் நாலு ஆண்கள். எனக்கு மனைவி இல்லை. மற்ற மூவருக்கும் இருந்தும் இல்லை. குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் எங்கோ கிடந்தன. அவற்றைத் தொட வேண்டாம் என்று மந்திரியே சொல்லியிருந்தார் என்பதும், அதனால் ஓர் அரசாங்கம் கவிழ்ந்ததும் பிறகு நடந்த கதை. அந்த நேரம் பொலிஸில் போய்க் கேட்டால், பொறுங்கள் என்பார்கள். பொறுத்தோம்.

என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணையின் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில், சின்ன மகளோடு, மூன்றாவது வருடமாகக் காத்திருந்தார். சுற்றிவளைப்பு வந்தால் இரண்டு பேரையும் பொலிஸ் நிலையத்தில் இருத்திவிடுவார்கள். அலுத்துப்போய், தைப்பொங்கலுக்கு முன் முடிவு தெரியாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். திரும்புவதென்றால் இருட்டில் படகேறிக் கடலேரியைக் கடக்க வேண்டும். ஏறிய எல்லோரும் கரை சேரவில்லை. அவரை எப்படியாவது லொட்ஜில் பிடித்துவைப்பதே அண்ணையின் ஒரே வேலையாக இருந்தது.

அதற்காகத்தான் அந்தப் படம். அண்ணை நல்ல சுகமாக, நண்பர்களோடு, வடிவாக இருக்கிறார் என்று மனைவிக்குக் காட்ட வேண்டும். வேறொரு பெண் நின்றால் கேள்வி வரும் என்று அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னார். "ஓம், என்னைக் கண்டு ஆரும் மயங்கிப் போடுவினம்" என்று அக்கா சோற்றுப் பானையோடு அந்தப் பக்கம் போனார்.

எங்களுக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு குளிராக இருந்தாலும் படம் எடுக்கும்போது ஜக்கெற்றைக் கழற்றிவிடுவோம். ஊருக்குப் போகிற படத்தில் உள்ளே போட்ட புதுச் சட்டை தெரியாவிட்டால் வந்து என்ன பலன்? அன்றும் கழற்றினோம். கறுப்புக் கண்ணாடி போட்டோம். காற்று எலும்பில் இறங்கியது. பல் கிடுகிடுப்பதை மறைக்க எல்லோரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டோம். அக்காவின் புருசன் படத்தை எடுத்தார். படத்தில் பின்னால் மணல் மலை பிரமாதமாக விழுந்திருந்தது.

படம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும், அக்கா வீட்டுத் தொலைபேசியில் அண்ணை தன் மனைவியோடு பேசினார். அக்காவின் புருசன் வெட்கமே இல்லாமல் எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். முதல் கேள்வியிலேயே எல்லோருடைய கோப்பையும் நின்றது.

"எப்ப உங்களை டென்மார்க்கால கலைச்சு அனுப்பினவங்கள்?"

அண்ணைக்கு விளங்கவில்லை. மனைவி விளக்கினார். ஒரு மரம் இல்லை, பின்னால் முழுக்க மணல், எல்லோரும் மெல்லிய சட்டையும் வெயில் கண்ணாடியும். பக்கத்தில் நிற்கிறவர் முந்திச் சவூதியில் இருந்தவர்தானே? அது நான். லொட்ஜில் எல்லோரும் படத்தைப் பார்த்து, இது சவூதிதான் என்று ஒரே மாதிரிச் சொன்னார்களாம். சவூதிக்குப் போன ஆள் டென்மார்க் விசாவுக்குப் பொறு என்று சொன்னால் எத்தனை நாளைக்குப் பொறுப்பது, வருகிற கிழமை யாழ்ப்பாணத்துக்குப் பயணம் என்றார். அண்ணை கெஞ்சி இரண்டு கிழமை தவணை வாங்கினார்.

அடுத்த ஞாயிறு சாட்சி தேடிப் புறப்பட்டோம். மாட்டுப் பண்ணைக்கு முன்னால் நிற்கலாம் என்றார் ஒருவர். மாடு எங்கேயும் நிற்கும் என்று அக்கா தள்ளிவிட்டார். அதே இடத்தில், அதே மணலோடு, குளிரைக் காட்டினால்தான் முதல் படம் பொய்யில்லை என்று ஆகும் என்பது அவருடைய தீர்ப்பு. பனி விழும் என்று நம்பிப் போனோம், விழவில்லை. ஆனால் பள்ளத்தின் அடியில் குளத்துக்கு மேல் மெல்லிய ஐஸ் படர்ந்திருந்தது. மண் சரியும், இறங்காதே என்று பலகை போட்டிருந்தார்கள். டெனிஷ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அதை உரத்து வாசித்தார்கள். நாங்கள் இறங்கினோம்.

இந்த முறை இருந்த எல்லாவற்றையும் போட்டோம். இரண்டு ஜக்கெற், சால்வை, கம்பளித் தொப்பி, கையுறை. நாலு உரமூட்டைகளை நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. ஐஸில் நின்றால் இன்னும் நம்புவா என்று நான் சொல்ல, அண்ணை ஓரமாக ஒரு காலை வைத்தார். தாங்கியது. மற்றக் காலையும் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கமராவைப் பார்த்தார். படக்கென்று உடைந்து ஒரு கால் முழங்கால்வரை இறங்கியது. அக்காவின் புருசன் சிரித்துக்கொண்டே பொத்தானை அமத்தினார். பிறகு அண்ணையின் காற்சட்டையைக் கழற்றி, சோற்றுப் பானையைச் சுற்றியிருந்த துவாயை அவருக்குச் சுற்றி, காரில் ஏற்றினோம்.

படம் கையோடு அவசரத் தபாலில் போனது. தவணை முடிகிற அன்று திரும்ப அதே தொலைபேசி, அதே ஸ்பீக்கர். முதலில் லொட்ஜில் மகள் இருமுவது கேட்டது.

"ஒருதற்ற முகமும் தெரியேல்லை," என்றார் மனைவி. "இதில நீங்கள் ஆர்?"

அண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஒரு கால் இல்லாத ஆள்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு, பிறகு சிரிப்பு. அவர் சிரித்து அண்ணை கேட்டு இரண்டு வருடம் இருக்கும். அண்ணை எங்களைப் பார்த்து, ஸ்பீக்கரை நிற்பாட்டும்படி கையால் காட்டினார். யாரும் நிற்பாட்டவில்லை.

"அது எனக்குக் கேக்காமலே தெரிஞ்சுது," என்றார் மனைவி. "பாத்துக் கால் வைக்கிற ஆளெண்டால் என்னைக் கட்டியிருப்பீங்களே? சரி, பிள்ளைக்கு ஒரு தொப்பி வாங்கி வையுங்கோ. நான் பொங்கலையும் இஞ்சையே பொங்கிறன்."