பொட்டு வைத்த ஜெபப் புத்தகம்

என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. எலும்புக் கைப்பிடி. கைப்பிடியும் பித்தளை வளையமும் சேருகிற இடத்தில் மிளகளவில் ஒரு சிவப்பு. பார்த்தால் காய்ந்த இரத்தம்போல் இருக்கும். இரத்தம் இல்லை, குங்குமம். இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தை வாசிக்க இந்தக் கண்ணாடியை எடுக்கிறோம். மனைவி இரண்டு முறை அந்தச் சிவப்பைத் தேய்க்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. எழுதுகிறவனும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இதை எழுதி வைக்க வேண்டும் என்று பட்டது.

கண்ணாடி என் சிஞ்ஞோராவினுடையது. பலெர்மோவில் நாங்கள் வேலைக்குப் போகிற வீட்டு அம்மாவை அப்படித்தான் சொல்லுவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துடைக்க, சமைக்க, கடைக்குப் போக என்று அவரிடம் சேர்ந்தேன். அப்போது அல்பெர்கேரியா என்ற பகுதியில் மன்னார் அண்ணை ஒருவரோடு ஓர் அறையில் இருந்தேன். வேலையை எனக்குப் பிடித்துத் தந்தவரும் அவர்தான். காலையில் நடந்து கபோச் சந்தைக்குள் புகுந்து, மீன்காரரின் சத்தத்தைக் கடந்து, மூன்றாம் மாடி ஏற வேண்டும். சிஞ்ஞோரா கலியாணம் கட்டாதவர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, கறுப்புக் கம்பளிச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு சோம்பு மிட்டாய். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, நீ அதிகம் கதைப்பாயா என்று கேட்டார். குறைவு என்றேன். நல்லது என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

வீடு முழுக்கப் புத்தகம். பெரும்பாலும் ஒரே கூட்டத்தைப் பற்றியவை. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் இருந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். சிஞ்ஞோரா இத்தாலிய முறையில் புரித்தானி என்பார். அவர்களே எழுதி, அவர்கள் காலத்திலேயே அச்சடித்த புத்தகங்களும் ஓர் அலுமாரியில் இருந்தன. முதல் மாதமே அதில் நான் ஒரு பிழை விட்டேன். தூசு தட்டும்போது கவனித்தேன், கையடக்கமான தடித்த ஜெபப் புத்தகங்களும், நூலால் தைத்த மெல்லிய அரசியல் துண்டுப் புத்தகங்களும் கலந்து கிடந்தன. ஜெபத்தை மேல் தட்டிலும் அரசியலைக் கீழ்த் தட்டிலும் அழகாகப் பிரித்து அடுக்கிவிட்டேன். சிஞ்ஞோரா வந்து விரலால் தடவிப் பார்த்தார். எல்லாவற்றையும் திரும்பக் கலக்கச் சொன்னார். இரண்டையும் எழுதியது ஒரே ஆட்கள் என்றார். பகலில் அரசனுக்கு எதிராக எழுதியவர், பொழுதுபட்டதும் தன் மனத்தைக் கூப்பிட்டு விசாரிப்பாராம். இன்று எங்கே பொய் சொன்னேன், எங்கே சோம்பினேன், யாரில் எரிச்சல் பட்டேன் என்று. "தன்னை விசாரிக்கப் பழகியவன் ஒரு நாள் ராசாவையும் விசாரிப்பான்" என்றார். அவர்கள் விசாரித்தும் இருக்கிறார்கள். அரசனை நீதிமன்றத்தில் நிறுத்தி, தலையை வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு, சிலர் என்றார். அயர்லாந்தில் அவர்களின் படை செய்த கொலைகளையும் சொன்னார். துவக்குப் பிடித்தவர்கள் நியாயம் கதைப்பதை நான் ஊரில் கேட்டவன்.

பிறகு ஒரு வருடம் பலெர்மோவில் மாஃபியாக்காரர் நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். சனங்கள் அதற்கு எதிர்ப்பாகப் பல்கனிகளில் வெள்ளைத் துணி தொங்கவிட்டார்கள். சிஞ்ஞோரா இருந்ததில் நல்ல படுக்கை விரிப்பை எடுக்கச் சொன்னார். நான் ஒரு நுனி, அவர் ஒரு நுனி. கட்டி முடித்ததும் தன் ஜெபப் புத்தகத்துக்குத் திரும்பிப் போனார். இரண்டும் ஒரே தட்டு என்று அவர் சொன்னது அன்று கொஞ்சம் விளங்கியது.

அதற்குள் அவருடைய கண் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சமும் உருவமும் தெரியும், எழுத்துத் தெரியாது. அந்த அலுமாரியில் மிகச் சின்னப் புத்தகம் ஒன்றில்தான் அவருக்கு உயிர். படிக்கிற காலத்தில் லண்டனில் ஒரு தெருக் கடையில் வாங்கியதாம். அச்சடித்த ஜெபங்களின் ஓரத்தில், மங்கிய மையில், எறும்பு ஊர்ந்ததுபோல் யாரோ எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்து ஒரு வீட்டு வேலைக்காரி என்பதுவரை சிஞ்ஞோரா கண்டுபிடித்திருந்தார். பெயர் இல்லை. மீதியை வாசிக்க அவருக்குக் கண் வேண்டும். எனக்கு ஆங்கில எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. அது போதும் என்றார். தினமும் சமையல் முடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு, பூதக்கண்ணாடியை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவேன். அவர் தடித்த கறுப்புப் பேனையால் இரண்டு விரல் உயரத்துக்கு எழுதுவார். ஒரு வரி சேர்ந்ததும் பொருளை இத்தாலியனில் சொல்லுவார்.

அந்தப் பெண் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. பாலைக் கருகவிட்டு, பூனை தட்டிவிட்டது என்று சொன்னதை எழுதியிருந்தாள். பிரசங்கத்தில் நித்திரை கொண்டதை எழுதியிருந்தாள். எசமானி வீட்டில் இல்லாத நேரம் அவளுடைய கையுறையைப் போட்டுப் பார்த்ததை எழுதியிருந்தாள். ஒருவரும் பார்க்காத பிழைகள். அவளாக எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானும் இன்னொருவர் வீட்டுப் பால் காய்ச்சுகிறவன். நாளைக்கு என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்தபடியே சந்தைக்குள்ளால் நடந்து வருவேன். ஒரு நாள் சிஞ்ஞோராவிடம், இவள் அந்த வீட்டுச் சமையல்காரனோடு கோபம்போல் இருக்கிறது என்றேன். அது புத்தகத்தில் இல்லை என்று முறைத்தார். ஆனால் அடுத்த வரியைக் கொஞ்சம் அவசரமாகக் கேட்டார்.

அண்ணை கத்தோலிக்க வேதக்காரர், பூசை தவறாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவருக்குப் புரித்தானிகளைப் பற்றிச் சொன்னேன்.

"அவை யேசு பிறந்த நத்தாரையே கொண்டாடக் கூடாதெண்டு சட்டம் போட்டவையாம், அண்ணை."

"நத்தாரையோ? அப்ப அவை என்ன வேதக்காரர்?"

"சுரூபமும் கூடாதாம். மெழுகுதிரியும் கூடாதாம்."

"தம்பி, நீ அந்த மனுசிக்குச் சமைக்கிறது காணும். வேதம் மாறிப் போடாதை."

அப்போது என் மனைவி கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். கலியாணம் கட்டி நாலு மாதத்தில் விட்டுவந்தவன் நான். அவளைக் கூப்பிடுவதற்கு எல்லாக் கடதாசியும் சேர்த்துவிட்டேன், ஒன்றைத் தவிர. எனக்கு நிலையான வேலை இருக்கிறது என்று சிஞ்ஞோரா கையெழுத்திட்ட கடிதம். தொழிற்சங்கத்தில் தட்டெழுதி வாங்கிக் கொடுத்திருந்தேன். புதன்கிழமை அதோடு குவெஸ்தூராவுக்குப் போக வேண்டும். வெளிநாட்டவரின் கடதாசி பார்க்கிற பொலிஸ் கந்தோர் அது. தவறினால் இன்னொரு நாள் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. சிஞ்ஞோரா கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்து, திங்கட்கிழமை ஆகட்டும் என்றார். அந்தத் திங்கட்கிழமைதான் வட இத்தாலியில் ஒரு நூலகத்திலிருந்து ஆள் வர இருந்தது. பழைய புத்தகங்களை அந்த நூலகத்துக்குக் கொடுப்பதென்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்.

அதற்கு முந்திய வியாழக்கிழமை சரஸ்வதி பூசை. தொழில் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். காலையில் சிஞ்ஞோரா எழும்ப முன்பு தும்புத்தடிக்கு வைத்தேன். வாளிக்கு, ஸ்திரிக்கைப் பெட்டிக்கு, சமையல் கத்திக்கு வைத்தேன். பிறகு வாசிக்கிற அறைக்குப் போய்ப் பூதக்கண்ணாடிக்கு வைத்தேன். அந்தச் சின்னப் புத்தகத்தின் தோல் அட்டையிலும் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தேன். அதுவும் என் தொழில் சாமான் என்று எண்ணியிருக்க வேண்டும். யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் போனது.

சமையல் முடிந்து அவர் கூப்பிட்டபோது, இன்று புத்தகம் வாசிக்கக் கூடாது என்றேன்.

"யார் சொன்னது?"

"புத்தகத்துக்குரிய தெய்வம்."

சிஞ்ஞோரா பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "என்னுடைய ஆட்களுக்குப் புனித நாளில் வாசிப்பையும் ஜெபத்தையும் தவிர வேறொன்றும் கூடாது. உன்னுடைய ஆட்களுக்கு வாசிப்பே கூடாது. இரண்டு பகுதியையும் ஒரு மேசையில் இருத்திப் பார்க்க வேண்டும்" என்றார். பொட்டு வைத்ததை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவும் இல்லை.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. குங்குமம் உதிரவில்லை, பழைய தோலுக்குள் இறங்கியிருந்தது. பயந்து, துணியை நனைத்துத் தேய்த்தேன். குங்குமம் கரைந்து பரவியது. பொட்டளவாக இருந்தது பெருவிரல் அளவு கறையாகிவிட்டது. அன்று கறையைப் பற்றிச் சொல்லாமல் உட்கார்ந்து எழுத்துச் சொன்னேன். மறைக்க ஒரு முயற்சியும் தேவைப்படவில்லை, அந்தக் கண்ணுக்குக் கறை தெரியாது.

பின்னேரம் அண்ணைக்குச் சொன்னேன். "கையெழுத்து வாங்குமட்டும் வாயைத் திறவாதை. திங்கக்கிழமை வாறவன் கண்டாலும் பழைய கறை எண்டு நினைப்பான். பெண்சாதியை நினை" என்றார். ஓம் என்றேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கு மனைவி வர வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

சனிக்கிழமை திரும்பக் கதிரையை இழுத்தேன். அந்தப் பெண் அன்றைக்குப் பிழை ஒன்றும் எழுதவில்லை. மழை என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் சிஞ்ஞோரா.

"அவளுடையது அவ்வளவுதான். என்னுடையது ஒன்று இருக்கிறது" என்றேன்.

பேனையை வைத்தார். சொன்னேன். அவர் விரலைப் பிடித்துக் கறையில் வைத்தேன். தடவினார், புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். என்ன நிறம் என்று கேட்டார். தண்ணீர் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன்.

"பொட்டு வைத்தது தெரியாமல். துடைத்தது ஒளிக்க."

வீட்டுக்குப் போ என்றார். லாச்சியைப் பார்த்தேன். போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லிப் போட்டியோ?" என்றார். ஓம் என்றேன். "விசரன்" என்றார். மீனில் பெரிய துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார்.

திங்கட்கிழமை வேலை இருக்கிறதோ இல்லையோ தெரியாமல்தான் படி ஏறினேன். நூலகத்து ஆள் ஏற்கெனவே வந்திருந்தார். வெள்ளைக் கையுறை போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, அதில் உள்ள பழுதை எழுதிக்கொண்டிருந்தார். பூச்சி அரித்தது, தாள் கிழிந்தது, ஈரம் பட்டது. சிஞ்ஞோரா என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னப் புத்தகம் அந்த ஆளின் கைக்கு வந்தது. வெளிச்சத்தில் திருப்பினார். சிவப்புக் கறை, புதியது, எப்படி வந்தது என்று கேட்டார்.

"எழுதுங்கள்" என்றார் சிஞ்ஞோரா. "கறை. தண்ணீரால் துடைத்ததில் பரவியது. வைத்தவர் இந்தப் புத்தகத்தை எனக்கு எழுத்து எழுத்தாக வாசித்தவர்."

கறை என்பது போதும் என்றார் அந்த ஆள்.

"போதாது. ஓரத்தில் எழுதிய பெண்ணின் பெயரை முப்பது வருடம் தேடினேன், கிடைக்கவில்லை. எனக்குப் பிறகு வருகிறவர் இவருடைய பெயரையாவது தேடாமல் இருக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "எழுத்தாகச் சொல்."

சொன்னேன். எங்கள் பெயர்கள் நீளம். ஒவ்வொரு எழுத்தாக, அவளுடையதைச் சொன்ன அதே வேகத்தில் சொன்னேன். அந்த ஆள் இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டு எழுதினார்.

புத்தகங்களைப் பெட்டியில் வைத்து அவர் போன பிறகு, சிஞ்ஞோரா லாச்சியிலிருந்து கடிதத்தை எடுக்கச் சொன்னார். அதையும் எழுத்தாக வாசிக்கச் சொன்னார். கண்ணாடியை வைத்து வாசித்தேன். நான் நேர்மையானவன் என்று தனக்குத் தெரியும் என்று அதில் ஒரு வரி. அங்கே நிறுத்தினார். இதை யார் எழுதியது என்று கேட்டார். தொழிற்சங்கத்தில், எல்லாருக்கும் ஒரே கடிதம்தான் என்றேன்.

"போன கிழமை என்றால், தெரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். கையெழுத்துக் கோட்டில் அவருடைய விரலை வைத்துவிட்டேன். போட்டார். பிறகு, மத்தியானத்துக்கு என்ன என்று கேட்டார்.

மனைவி அடுத்த வருடம் வந்தாள். சிஞ்ஞோரா இருக்கும்வரை நான் அங்கேதான் வேலை செய்தேன். கறையைப் பற்றி அவர் பிறகு கதைக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வெளிச்சமும் தெரியாமல் போன காலத்தில் பூதக்கண்ணாடியை என் கையில் தந்து, இது இனி எனக்கு ஒன்றும் காட்டாது என்றார்.

மருந்துப் பெட்டியை வாசிக்க இதை எடுக்கும்போதெல்லாம் சிவப்பு பெருவிரலுக்குக் கீழே வரும். அந்தப் புத்தகத்தில் ஏழு தாள் நாங்கள் வாசிக்காமல் போனது. அதில் அவள் என்ன எழுதினாள்? பூனையைச் சாட்டிச் சொன்ன பொய்யை எசமானியிடம் எப்போதாவது சொன்னாளா? சிஞ்ஞோரா இருந்தால், அது புத்தகத்தில் இல்லை என்பார். இருக்கவும் கூடும். புத்தகம் வடக்கே ஒரு தட்டில் இருக்கிறது. கண்ணாடி என்னிடம் இருக்கிறது. ரயிலில் ஒரு பகலும் இரவும்தான் என்று மனைவி சொல்லுகிறாள்.