க்யூவில் கிடந்த தமிழ் வரி

ஜெர்மனியில், எங்கள் கார்ல்ஸ்ரூஹே ஆபீஸில் இன்று நான் மட்டும்தான். மற்ற எல்லோரும் லீவு.

சோதனை சர்வரில், கிளைகளிலிருந்து வரும் மெசேஜ்கள் வரிசையில் காத்திருக்கும் க்யூ அடைத்துக்கொண்டது. டெர்மினலில் கமாண்ட் கொடுத்து, தேங்கிய மெசேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். எல்லாம் ஆர்டர் எண்கள். நடுவில் ஒன்று தமிழில்:

"ஆராவது இருக்கிறியளோ?"

அனுப்பியவர் பெயர் இல்லை; எங்கள் கெல்சென்கிர்ச்சன் கிளையின் போன் எண் மட்டும் இருந்தது. உடனே ஆபீஸ் போனில் அழைத்தேன்.

"அண்ணா, நீங்க தமிழா?"

"ஓம் தங்கச்சி! தமிழ் எழுத்து ஒழுங்காப் போகுதோ எண்டு பாக்கப் போட்டனான். இஞ்ச கதைக்கவும் ஒருத்தரும் இல்லை."

"எனக்கும்தான் அண்ணா."

"இண்டைக்கு எனக்கு இஞ்ச கடைசி நாள். வேற வேலைக்குப் போறன்."

வாழ்த்துச் சொல்லி போனை வைத்த பிறகுதான், அவருடைய பெயரையும் சொந்த நம்பரையும் கேட்கவில்லை என்று உறைத்தது. திரும்ப அழைத்தேன். அதற்குள் கிளம்பிவிட்டார் போல; ஜெர்மன் மொழியில் பதிவுக்குரல்தான் பேசியது.

கெல்சென்கிர்ச்சன்காரர்களே, அவரைத் தெரிந்தால் ஒரு தங்கச்சி தேடுகிறாள் என்று சொல்லுங்கள்.