சிவப்பாகத் தெரிந்த இடம்

என் அக்கா புருஷனுக்குக் குழாய் வேலை. தெருவில் அவரை சி.ஐ.டி. என்றுதான் சொல்வார்கள். நான் பூட்டிய பூட்டையும் வந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுவருக்குள் கசிவு என்றால் வீட்டுக்காரர் பேச்சை நம்பமாட்டார். காதை வைத்துக் கேட்டு, கையால் தடவி, பிறகுதான் உளியை எடுப்பார். தொழிலில் அந்தக் குணம் சோறு போட்டது. மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனுஷனோடு குடித்தனம் நடத்துவதுதான் லேசில்லை. அக்கா நடத்தினாள்.

அவளுக்கு மூளையில் புற்றுக்கட்டி. ஆபரேஷன் செய்து, கதிர்வீச்சு என்கிற கரண்டும் வைத்தார்கள். பிறகு எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"கட்டி திரும்ப வளருதா, இல்ல கரண்ட் வச்ச புண்ணான்னு இந்தப் படத்துல பிரிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "அந்த இடத்துல ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்கிற எம்.ஆர்.ஐ. ஒண்ணு இருக்கு. எடுத்துடலாம்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

வெளியே வந்ததும் அத்தான் என் கையைப் பிடித்தார். "ஏன்டா சிரிச்சாரு?"

"தைரியம் சொல்லத்தான் அத்தான்."

"தைரியம் சொல்ற அளவுக்கு என்ன இருக்கு? எதையோ மறைக்கிறாரு."

ஸ்கேன் அறையிலும் அதே கதை. உலோகம் கூடாதென்று கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தவர், நான் அதை எந்தப் பையில் போடுகிறேன் என்று கவனித்தார். அக்கா கையில் ஏற்றப்போகும் மருந்தின் தேதியைப் படித்துக் காட்டச் சொன்னார். ஸ்கேன் எடுக்கும் பெண் பொறுமையாகப் படித்தாள். அந்த மருந்து ரத்தத்தோடு வேகமாக மூளைக்குள் ஓடும்போது மெஷின் அடுத்தடுத்துப் படம் பிடிக்குமாம்.

முடிந்ததும் கதவு திறந்திருந்தது. கம்ப்யூட்டரில் மூளை பல வண்ணத்தில் நின்றது. ஒரு பக்கம் மட்டும் திட்டாகச் சிவப்பு.

"சிவப்புன்னா என்னம்மா?"

"ரத்தம் அதிகமா ஓடுற இடம். மத்ததை டாக்டர்தான் சொல்லணும், சார். வெளிய இருங்க."

அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. "அடைப்பு இல்லடா! அந்த இடத்துலதான் ஓட்டம் ஜோரா இருக்கு. செத்த இடத்துல ஓட்டம் இருக்குமா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. அன்று வீட்டில் அக்காவிடம், "ஒண்ணும் இல்ல, நானே பார்த்துட்டேன்," என்றார். அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அந்த மனுஷன் எதையும் திருப்பிப் பார்க்காமல் படுத்தது அன்றுதான்.

மறுநாள் மூன்று பேரும் போனபோது டாக்டர் சிரிக்கவில்லை. "புண்ணா இருந்தா அங்க ரத்தம் குறைவா ஓடும். இது கட்டிதான். வளர்றதுக்காகப் புதுசு புதுசா ரத்தக் குழாய் உண்டாக்கிக்குது. அதனாலதான் அந்த இடம் அவ்வளவு சிவப்பு."

"மெயின் லைன்ல திருட்டுக் கனெக்‌ஷன் எடுக்கிற மாதிரியா?" என்றார் அத்தான்.

"அப்படித்தான்."

அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவரை எதையும் கேட்கச் சொல்லி அவள் தூண்டி நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க, சும்மா உக்காந்திருக்கீங்க? மெஷின் சரியா இருந்துச்சான்னு கேளுங்க. படம் மாறிப் போயிருக்கும், கேளுங்க. ஏதாவது கேளுங்களேன்."

அத்தான் வாயைத் திறந்தார். கேட்க அவருக்கு ஒன்றுமே அகப்படவில்லை.