லைட்ஹவுஸ் குப்பத்தில் மூன்று குழி கோல்ஃப்

நானும் என் மனைவி மாலதியும் எந்த ஊருக்குப் போனாலும், பொதுமக்கள் ஆடும் கோல்ஃப் மைதானம் உண்டா என்றுதான் முதலில் விசாரிப்போம். உறுப்பினர் அட்டை கேட்காமல், வாசலில் டிக்கெட் வாங்கினால் உள்ளே விடும் இடங்கள். ஓரிடத்தில் நடுவே ஆடு மேயும். இன்னோரிடத்தில் வாக்கிங் போகிறவர்கள் பந்துக்கு வழியே விட மாட்டார்கள். ஊரின் குணம் அங்கேயே தெரிந்துவிடும்.

மாலதிக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆகி ஒன்றரை வருடம். ஆடலாம் என்று டாக்டர் சொல்லியும் அவள் மட்டையைத் தொடவில்லை. நாலு பேர் பார்க்கும்போது கை பாதியில் நின்றுவிட்டால் என்று பயம். அப்படியானால் கோல்ஃபே இல்லாத ஊருக்குப் போய் ஆடுவோம், தவறினாலும் யாருக்கும் தெரியாது என்றேன். டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் கோலால் பந்தடித்து ஆடியவர்கள். அவர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த பழவேற்காட்டிலும் ஆடியிருக்கலாம். ஆதாரம் ஒன்றும் இல்லை, எங்களுக்குச் சாக்கு போதும்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சென்ட்ரலில் காலை ஏழு மணிவாக்கில் மின்சார ரயில் பிடித்தோம். பொன்னேரிக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ்ஸில் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். ஊரில் இம்ரான் என்பவரின் ஆட்டோவை அரை நாளுக்கு ஐந்நூறு ரூபாய் பேசினோம். மட்டைகளைப் பார்த்துவிட்டு, "ஹாக்கியா சார்?" என்றார்.

முதலில் டச்சுக் கல்லறை. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட இடம், பார்க்க மட்டும்தான். கோட்டை இருந்த இடம் இப்போது முள்ளும் புதரும். பக்கத்துத் திடலில் ஆடலாம் என்றால் அங்கே கிரிக்கெட் கூட்டம். மாலதி ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனோம். ஃபைபர் படகுகளுக்கு அப்பால் கருவாடு காய்ந்தது. கருவாட்டில் பட்டாலும் கெடாத ஸ்பாஞ்ச் பந்துதான் கொண்டுபோயிருந்தோம். மாலதி பந்தின் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

வலை பின்னிக்கொண்டிருந்த தேசம்மா என்ற பெண் எழுந்து வந்தார். "இன்னாமா, அத்தயே பாத்துகினு கீற?"

"தோள்ல ஆபரேஷன். பயமா இருக்கு."

"அப்போ என்கிட்ட குடு. நான் அடிக்கிறேன்."

ஓங்கி அடித்தார். மணல் முழுவதும் இம்ரான் முகத்தில். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்படி இல்லைங்க, இடுப்பும் திரும்பணும். இப்படி" என்று மட்டையை வாங்கிய மாலதி, காட்டும் வேகத்தில் முழுதாக வீசிவிட்டாள். பந்து பறந்துபோய் ஒரு படகுக்குள் விழுந்தது. நான் கைதட்டினேன். அவளோ, தேசம்மாவின் கால் எங்கே நிற்க வேண்டும் என்று திருத்திக்கொண்டிருந்தாள்.

தேங்காய்ச் சிரட்டையால் தேசம்மாவே மூன்று குழி தோண்டினார். வலையை விட்டுவிட்டு இன்னும் நான்கு பெண்கள் வந்தார்கள்.

"படகுல உயுந்தா அவுட்டு" என்றார் இம்ரான்.

"உன்ன யாருடா கேட்டது?" என்றார் தேசம்மா.

கடல்காற்று ஸ்பாஞ்ச் பந்தைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளியது. வெயில் ஏறும்வரை ஆடினோம்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் மணல் சுடும். தண்ணீர், தொப்பி அவசியம். ஆடுவதற்கு முன் அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். நிஜ கோல்ஃப் பந்து வேண்டவே வேண்டாம். பொன்னேரிக்குத் திரும்பப் பஸ் அடிக்கடி உண்டு.

கடைசிக் குழியில் மாலதி ஒரு சாண் தூரத்தில் தவறவிட்டாள். தேசம்மா ஜெயித்துவிட்டார். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் தோளைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அன்று ரயிலில் சென்ட்ரல் வரும்வரை, "அந்த ஒரு சாண்ல போய் விட்டேனேங்க" என்றே புலம்பிக்கொண்டு வந்தாள்.